நடுக்கம் என்று ஒரு கட்டம்

அக்டோபர் 3, வியாழன்

இந்தப் புத்தகத்தை டாக்டர் நூருல் கொடுத்தார். பக்கத்துக்கு மூன்று கட்டங்கள் அச்சடித்திருக்கிறார்கள். முதலாவது, மாத்திரை கொடுத்த நேரம். இரண்டாவது, நடுக்கம்: இல்லை, சிறிது, அதிகம். மூன்றாவது, குறிப்பு. என் மனைவி அமிர்தத்துக்குக் காலை ஏழு, பகல் பன்னிரண்டு, மாலை ஐந்து என்று மூன்று வேளை மாத்திரை. நான் கவனித்து எழுதிவர வேண்டும். நவம்பர் பதின்மூன்றாம் தேதி இதைப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரையைக் கூட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்வாராம். உங்கள் மனைவியிடம் கேட்டால் சிரிக்க மட்டும் செய்கிறார், நீங்கள் எழுதுங்கள் என்றார்.

சரியான ஆளிடம்தான் கொடுத்திருக்கிறார். தைப்பிங் ரயில் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வண்டி வந்த நேரமும் போன நேரமும் எழுதியவன் நான். ஒரு நிமிடத்தைக்கூட மாற்றி எழுதியதில்லை. மேலதிகாரி கெஞ்சியபோதும் மாற்றவில்லை.

வியாதியின் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. யாரோ ஒரு வெள்ளைக்கார டாக்டரின் பெயராம். முன்பின் தெரியாதவர் பெயர் என் வீட்டுப் புத்தகத்தில் எதற்கு?

மாத்திரை: 5.00. நடுக்கம்: சிறிது.

அக்டோபர் 4, வெள்ளி

குறிப்புக் கட்டம் பெரிதாக இருக்கிறது. காலியாக விட எனக்கு மனம் வராது. அதனால் எங்கள் வீட்டு நடப்பை எழுதி வைக்கிறேன். டாக்டர் படிக்காவிட்டால் போகட்டும், அவருக்குத் தமிழும் தெரியாது. கட்டத்தில் போடும் குறி மட்டும் அவருக்குப் போதும்.

காலை ஆறரைக்கு நான் மை அரைப்பேன். சீன மைக்கட்டியை மைக்கல்லில் வைத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, வட்டமாகத் தேய்க்க வேண்டும். இருபது நிமிடம் ஆகும். பத்து வருடமாக இது என் வேலை. அதற்கப்புறம் அந்த மேசையில் எனக்கு வேலை கிடையாது. தூரிகையை அவளே எடுப்பாள், அவளே கழுவுவாள்.

அமிர்தம் இதே தைப்பிங்கில், பொக்கோ அசாம் பக்கம் பிறந்தவள். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது சீனப் பள்ளிதான் என்பதால் அவள் அப்பா அவளை அங்கே சேர்த்துவிட்டார். ஆறு வருடம் தூரிகை பிடித்து எழுதினாள். பிறகு தபால் நிலையத்தில் வேலை, கல்யாணம், மகள், மகளின் கல்யாணம். ஓய்வு பெற்ற மறுநாள் கடைக்குப் போய்த் தூரிகை வாங்கிக்கொண்டு வந்தாள். எழுத்துப் பழகப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் வரைந்தது ஏரிக்கரைத் தூங்குமூஞ்சி மரத்தின் கிளையை. சீன எழுத்தை எழுதுகிற அதே முறையில், அதே மூச்சில், கிளையை எழுதுகிறாள். சீனர்கள் பார்த்துவிட்டு இது என்ன எழுத்து என்று கேட்கிறார்கள். தமிழர்கள் இது என்ன மரம் என்று கேட்கிறார்கள். இருவருக்கும் அவள் ஒரே சிரிப்பைத்தான் பதிலாகக் கொடுக்கிறாள்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? ஆனால் ஒரு விதி மட்டும் தெரியும். போட்ட கோட்டை மறுபடி தொடக்கூடாது. திருத்தக்கூடாது, நிரப்பக்கூடாது. தாள் மெல்லியது. மை பட்டதும் குடித்துவிடும். வண்டி நிலையத்தைத் தாண்டிவிட்டால் கூப்பிட்டு நிறுத்த முடியாது அல்லவா, அப்படி.

பினாங்கில் ஓவியக்கூடம் வைத்திருக்கும் மெய் யோக் என்ற பெண், டிசம்பர் ஏழாம் தேதி அமிர்தத்துக்கென்றே ஒரு கண்காட்சி வைக்கிறாள். அறுபத்தாறு வயதில் முதல் கண்காட்சி. நடுச்சுவருக்கு ஆறடி நீளத்தில் நான்கு தாள்கள் வேண்டும். தாளுக்கு ஒரு கிளை, கிளைக்கு ஒரே கோடு. மூன்று தாள்கள் போன வருடமே முடிந்துவிட்டன. நான்காவது பாக்கி.

மாத்திரை: 7.00, 12.00, 5.00. நடுக்கம்: சிறிது.

அக்டோபர் 9, புதன்

இன்றிலிருந்து கோப்பியைப் பெரிய குவளையில் பாதி மட்டும் ஊற்றுகிறேன். அவளுக்கு ஆறிப்போன கோப்பி பிடிக்காது. பாதி என்றால் சூடாகவே குடித்துவிடலாம்.

நடுக்கம்: இல்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

ஏரிக்குப் போனோம். அந்தக் காலத்தில் தைப்பிங்கில் இன்று மழை வருமா வராதா என்று பந்தயம் கட்டுவார்கள். நாங்கள் இன்னும் கட்டுகிறோம். தோற்றவர் வடை வாங்க வேண்டும். நான் வரும் என்றேன். வந்தது.

சாலை ஓரத்து மரங்கள் சாலையைத் தாண்டி வளைந்து ஏரித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. நாலாவது தாளுக்கு அவள் குறித்து வைத்திருக்கும் கிளை, தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நின்றுவிடும். தொடாது. குடையின் கீழ் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையைக் கைப்பைக்குள் விட்டிருந்தாள்.

"பையில என்ன தேடுற?"

"ஒண்ணுமில்லைங்க. கை குளிருது."

"தைப்பிங்ல குளிரா?"

"மழை பெய்யுதுல்ல."

வடைக்காரர் சில்லறை கொடுத்தபோதும் இடது கையைத்தான் நீட்டினாள். அந்தப் பெரியவர் அதைத் தப்பாக நினைத்துக்கொள்ளவில்லை.

நடுக்கம்: இல்லை. கை பைக்குள் இருந்தது. பார்க்காததை எப்படி எழுதுவது?

அக்டோபர் 22, செவ்வாய்

நாலாவது தாளுக்கு இன்று முயன்றாள். அதற்கு எடுத்த மூன்று புதுத் தாள்கள் கிழிந்தன. கிழிந்தன என்று எழுதுவது சரியல்ல, கிழித்தாள். இந்த மைக்கட்டி மட்டமானது என்று நான் கடைக்காரனைத் திட்டினேன். அவள் மைக்கட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆமா, மைதான் சரியில்ல" என்றாள். போன வருடம் அதே பெட்டியிலிருந்து எடுத்த கட்டியில்தான் மூன்று கிளைகள் வரைந்தாள்.

நடுக்கம்: சிறிது.

அக்டோபர் 30, புதன்

நாளை தீபாவளி. இந்த வருடம் முறுக்கைக் கடையில் வாங்கிவிட்டோம். இந்த வயதில் எண்ணெய்ப் பலகாரம் உடம்புக்கு ஆகாது. முறுக்கு பிழியும் உழக்கை நானே எடுத்து மேல் அலமாரியில் வைத்தேன். மகள் பெர்த்திலிருந்து போன் செய்து, "அம்மா முறுக்கு இல்லாம என்னப்பா தீபாவளி?" என்றாள். எண்ணெய் விஷயத்தை அவளுக்கும் சொன்னேன். கடை முறுக்கிலும் எண்ணெய்தானே இருக்கிறது என்று கேட்டாள். அவள் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், குறுக்குக் கேள்வி.

புதுப் புடவையை உடுத்திப் பார்த்தபோது ரவிக்கைக் கொக்கியை நான் மாட்டிவிட்டேன். நாற்பது வருடத்துக்கு முன்னால் செய்திருந்தால் ரசித்திருப்பாள். இன்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நடுக்கம்: இல்லை.

நவம்பர் 6, புதன்

வரைந்துவிட்டாள்!

காலை பத்து மணி. மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரம். இடது ஓரத்தில் தொடங்கி, மேசையை ஒட்டி நடந்துகொண்டே, நிறுத்தாமல் வலது ஓரம் வரை வந்தாள். அந்தக் கிளை அப்படியே தாளுக்கு வந்துவிட்டது. முக்கால் தூரத்தில், வளைவு இறங்கும் இடத்தில், ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் கோடு பல் பல்லாகிவிட்டது. ரம்பம் போல. மற்றபடி பழுதில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தாள். "காயட்டும், பாப்போம்" என்று சொல்லிவிட்டு, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கப் போனாள். அவள் முகம் போன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மெய் யோக் இருபதாம் தேதி வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

அவள் தூங்கும்போது எனக்கு ஒரு சின்ன வேலை இருந்தது. பத்து நிமிட வேலை. முடித்தேன். மைக்கல்லைக் கழுவி வைத்தேன். சிறிய தூரிகையையும் கழுவி வைத்தேன்.

நடுக்கம்: இல்லை.

நவம்பர் 7, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 8, வெள்ளி

எழுதத்தான் வேண்டும்.

நேற்றுக் காலை அவள் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். முன்னால் நின்று பார்த்தால் கோடு நன்றாகத்தான் இருந்தது. வெளிச்சம் பின்னாலிருந்து வந்தபோது முக்கால் தூரத்தில், ஒரு விரல் நீளத்துக்கு, மை இரட்டையாகப் படிந்து திட்டுத் திட்டாகத் தெரிந்தது. கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போட்ட மாதிரி. பத்து வருடம் மை அரைத்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆமாம், நான்தான் பூசினேன். பல் பல்லாக இருந்த இடத்தைச் சிறிய தூரிகையால் நிரப்பினேன். அவளுக்காகத்தான் செய்தேன். அந்த ஒரு விரல் நீளத்துக்காக ஆறடித் தாளை அவள் கிழித்துவிடுவாள் என்று பயந்தேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், சாயங்காலத்துக்குள் சரியாகியிருக்கும். தாளைச் சுருட்டிச் சாய்த்து வைத்துவிட்டு, நாள் முழுவதும் என்னோடு பேசாமல் இருந்தாள். இன்று காலைக் கோப்பி குடிக்கும்போதுதான் வாய் திறந்தாள்.

"ஏங்க, அந்தப் புத்தகத்தக் கொடுங்க."

"எந்தப் புத்தகம்?"

"டாக்டர் கொடுத்தது. எத்தன புத்தகம் வச்சிருக்கீங்க?"

கொடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து படித்தாள். அவள் கையில் புத்தகம் ஆடிய ஆட்டத்தில் வரியைப் பிடிக்க முடியவில்லை. மேசைமேல் வைத்துக்கொண்டு படித்தாள்.

"இல்லை. இல்லை. சிறிது. இல்லை." உரக்கவே வாசித்தாள். "முறுக்கு ஏன் பிழியல? எண்ணெய் ஆகாதுன்னா?"

"அது..."

"உழக்க திருக்க முடியாம நான் அடுப்படியில உக்காந்து அழுதேன். நீங்க வாசல்ல நின்னு பாத்தீங்க. நீங்க பாத்தத நானும் பாத்தேன்."

நான் அவள் குவளையை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறீங்களே, தின்னப்போறது யாரு? நான்தானே? டாக்டர் இதப் பாத்துத்தானே எனக்கு மாத்திர கொடுக்கணும்?" பக்கங்களைத் தட்டினாள். "அந்தக் கோட்டுலயும் பூசிட்டீங்க, இதுலயும் பூசிட்டீங்க. அழகா இருக்கு. ஆனா இதுல இருக்கறது யாருங்க? நான் இல்ல."

முப்பத்தொரு வருடம் ஒரு நிமிடத்தை மாற்றாதவன், முப்பத்தாறு நாளில் என் பெண்டாட்டியையே மாற்றி எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால் இல்லாமல் போய்விடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அவ்வளவு பயம் எனக்கு.

வியாதியின் பெயர் பார்க்கின்சன். அமிர்தத்துக்குப் பார்க்கின்சன்.

மாத்திரை: 7.00, 12.00, 5.00. நடுக்கம்: அதிகம். அக்டோபர் மூன்றாம் தேதியிலிருந்தே அதிகம்.

நவம்பர் 13, புதன்

டாக்டர் நூருல் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, பரவாயில்லையே, மாத்திரை அப்படியே இருக்கட்டும் என்று சொல்லத் தொடங்கினார். நான் குறுக்கிட்டேன். நவம்பர் எட்டுக்கு முன்னால் இருப்பதெல்லாம் பொய் என்றேன். மலாயில் பொய்க்கு என்னென்ன சொல் உண்டோ அத்தனையும் சொல்லிவிட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பெஞ்சுமேல் ஏற்றிவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன். அமிர்தம் பக்கத்தில் சிரித்தாள். ஐந்து நாளைக்குப் பிறகு முதல் சிரிப்பு.

மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார். குணமாகாது, சமாளிக்கலாம் என்றார். அதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. சுற்றி வளைக்கவில்லை.

புறப்படும்போது அமிர்தம் ஒன்று கேட்டாள். ஒரே ஒரு நாள் காலை மாத்திரையை அரை மணி தள்ளிப் போட்டால் ஏதாவது ஆகுமா? டாக்டர் யோசித்தார். ஒரு நாள் என்றால் பரவாயில்லை, ஆனால் கால் தடுமாறும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டார். அமிர்தம் சிரித்தாள்.

நவம்பர் 15, வெள்ளி

சண்டை. நல்ல சண்டை, வீடு அதிர.

மாத்திரை போடுவதற்கு முன்னால், கை முழுக்க ஆடும்போது, நாலாவது தாளை வரையப் போகிறாளாம்.

"உனக்கு என்ன பைத்தியமா? மாத்திரைய கூட்டினதுல கை நல்லா நிக்குது. பத்து மணிக்கு வரைஞ்சா சுத்தமா வரும்."

"சுத்தமா வரும். போன வருசம் மாதிரியே வரும். நான் போன வருசம் மாதிரியா இருக்கேன்?"

"நடுங்கிக்கிட்டு வரைஞ்சா யார் பாப்பா?"

"அது அவங்க பாடு. அழகா வருமான்னு எனக்கும் தெரியாதுங்க. மொத மூணு தாளும் அந்தக் கைதான். நாலாவது இந்தக் கை. நடுவுல நடந்தத மறைக்க எனக்கு இஷ்டமில்ல."

"கிழிச்சிருவ."

"கிழிக்க மாட்டேன். எப்படி வந்தாலும் அதுதான்."

விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "நீங்க எதுக்கு இருக்கீங்க? பின்னாடி நின்னு இடுப்பப் பிடிச்சுக்குங்க. கையத் தொட்டீங்கன்னா கொன்னுருவேன்" என்றாள்.

அவள் உடம்புக்கு முடியாமல் படுத்தால் எனக்குச் சோறு இறங்காது. இதை நான் அவளிடம் சொன்னதில்லை. இன்று சண்டைக்கு நடுவில் சொல்லிவிட்டேன். "தெரியும்லா" என்று மட்டும் சொல்லிவிட்டு, மீன் வாங்கிவர அனுப்பினாள்.

மாத்திரை: 7.00, 12.00, 5.00. நடுக்கம்: சிறிது. இது உண்மையான சிறிது.

நவம்பர் 18, திங்கள்

காலை ஆறரைக்கு மை அரைத்தேன். வெளியே மழை. ஏழு மணி அடித்தது. மாத்திரை என் சட்டைப் பையில் இருந்தது. கொடுக்கவில்லை.

அவள் கையில் தூரிகை மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. நான் பின்னால் நின்று அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். நடுக்கம் கையோடு நிற்பதில்லை, உடம்பு முழுக்க இருக்கிறது. இத்தனை நாள் தூரத்திலிருந்து பார்த்தேனே தவிர, இப்படித் தொட்டுப் பார்த்ததில்லை. என் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் அது ஓடிக்கொண்டிருந்தது.

7.04-க்குத் தூரிகை தாளைத் தொட்டது.

ஒரு அடி அவள் வைத்தால் ஒரு அடி நான் வைத்தேன். கோடு நேராகப் போகவில்லை. துடித்துத் துடித்துப் போயிற்று. முக்கால் தூரத்தில், போன முறை தவறிய அதே வளைவில், கை பெரிதாக உதறியது. எனக்கு அந்த மணிக்கட்டைப் பிடித்துவிட வேண்டும் போலிருந்தது. பிடித்திருந்தால் நின்றிருக்கும். இடுப்பை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவள் நிற்கவில்லை. வலது ஓரம் வரை போய்த் தூரிகையை எடுத்தாள்.

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். மாத்திரை என் வியர்வையில் சட்டைப் பையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "பிசுபிசுன்னு இருக்கு, வேற கொடுங்க" என்றாள். வேறு கொடுத்தேன்.

இருவரும் தாளைப் பார்த்தோம். மழையில் ஏரித் தண்ணீருக்குள் தெரியும் கிளை இப்படித்தான் இருக்கும். இதை நானாகத்தான் சொன்னேன். பத்து வருடத்தில் அவள் படத்தைப் பற்றி நான் சொன்ன முதல் வார்த்தை. அவள் அழுதாள். நானும்தான்.

பிறகு, நான் பூசிய அந்தப் பழைய தாளை எடுத்து, ஓரத்தில் பென்சிலால் என் பெயரை எழுதினாள். குணாளன். "இது உங்க படம். உங்க அலமாரியில வச்சிக்குங்க" என்றாள். கொழுப்பு.

மாத்திரை: 7.31. நடுக்கம்: அதிகம். குறிப்பு: தொடவில்லை.

நவம்பர் 20, புதன்

மெய் யோக் வந்தாள். நான்கு தாள்களையும் தரையில் வரிசையாக விரித்தோம். நாலாவதின் முன் முழங்காலிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. இதை எப்போது வரைந்தீர்கள் என்று கேட்டாள். அமிர்தம் என்னைக் காட்டி, "அவரக் கேளு, அவர்தான் எழுதி வச்சிருப்பாரு" என்று மலாயில் சொன்னாள். மெய் யோக்குக்கு நான் புத்தகத்தைக் காட்டினேன். அவள் அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்துக்கொண்டாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. பெண்கள் இருவரும் சமையலறையில் நெடுநேரம் குசுகுசுத்தார்கள்.

டிசம்பர் 7, சனி

பினாங்கு. கூட்டம் வந்திருந்தது. மகளும் பெர்த்திலிருந்து சொல்லாமல் வந்து நின்றாள். அமிர்தம் கைப்பை எடுத்துவரவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் வலது கையைக் கொடுத்தாள். அது ஆடியது, அவள் சிரித்தாள்.

நடுச்சுவரில் நான்கு கிளைகள். முதல் மூன்றுக்கும் கீழே சின்ன அட்டையில் ஏரிக்கரை ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று மொழியில் பெயர். நாலாவதுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக் கண்ணாடியைப் போட்டேன். முதலில் தமிழ். அச்செழுத்து அல்ல, என் கையெழுத்து. மெய் யோக் போனில் எடுத்த பக்கத்திலிருந்து இரண்டு துண்டுகளை வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

"7.04. நடுக்கம்: அதிகம்."

அதன் கீழே அதையே மலாயிலும் சீனத்திலும் போட்டிருந்தார்கள். ஒரு சீனக் கிழவர் அந்தப் படத்தின் முன் நின்று, தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார். இது என்ன எழுத்து என்று அவர் கேட்கவில்லை.

நான் அட்டையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நேரம் சரியாக இருந்தது.

மாத்திரை: 5.00. நடுக்கம்: அவளுக்குச் சிறிது. எனக்கு அதிகம்.